முதல்ல சுருக்குறதா, முதல்ல பகுதிய பாக்குறதா? விலக்கப்பட்ட மதிப்பு கணக்குக்கு எந்த வழி நல்லது

பத்தாவது கணக்கு புக்ல மூணாவது பாடம் இயற்கணிதம். அதுல விகிதமுறு கோவைய (மேலயும் கீழயும் பல்லுறுப்புக் கோவை இருக்குற பின்னத்த) சுருக்கறதும், விலக்கப்பட்ட மதிப்பு (எந்த எண்ண போட்டா அந்த பின்னத்துக்கு மதிப்பே இல்லாம போகுதோ அது) கண்டுபிடிக்கறதும் அடுத்தடுத்து வருது. ரெண்டுமே பெரும்பாலும் ரெண்டு மார்க் சமாச்சாரம் தான், ஆனா எங்க பக்கம் கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர்னு எந்த ஊரு டியூஷன்ல போய் உக்காந்தாலும் காலாண்டு பேப்பர் கைக்கு வந்த மறுநாள் இதே சண்டை தான் ஓடும். ஒருத்தன் "3, −2"ன்னு எழுதியிருப்பான், பக்கத்துல உக்காந்திருக்கவன் வெறும் "−2" எழுதியிருப்பான், ரெண்டு பேரும் தன்னோடது தான் கரெக்டுன்னு நிப்பாங்க, வேடிக்கை என்னன்னா ரெண்டு பேர்கிட்டயும் காரணம் இருக்கும்.

நானும் சாயங்காலம் பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுக்குற ஆளுங்கறதால, எந்த வழில போனா யாருக்கு லாபம்னு கொஞ்சம் விலாவாரியா எழுதிப்புடலாம்னு தோணுச்சு. போன்ல தமிழ்லயே அடிக்கறேன், அதனால எக்ஸ், ஒய்னே போட்டுட்டு போறேன். மேல கீழ கோடு போட முடியாது, / குறி தான். நோட்ட எடுத்து வெச்சு எழுதிப் பாத்துக்கிட்டே படிங்க, வெறுமனே கண்ணால ஓட்டினா ஒண்ணும் நிக்காது.

சண்டைக்கு காரணமான கணக்கு இந்த மாதிரி இருக்கும்:

(எக்ஸ்² − 9) / (எக்ஸ்² − எக்ஸ் − 6)

மேல காரணிப்படுத்தினா (எக்ஸ் − 3)(எக்ஸ் + 3). கீழ (எக்ஸ் − 3)(எக்ஸ் + 2). இப்ப முதல் வழி, பகுதிய, அதாவது கீழ இருக்கறத மட்டும் பாக்குறது. பகுதி எப்ப பூஜ்யம் ஆகும்? 3லயும் −2லயும். அந்த ரெண்ட போட்டா கோவைக்கு மதிப்பே கிடையாது, அதனால ரெண்டும் விலக்கப்பட்டது. முடிஞ்சுது. ரெண்டாவது வழி, முதல்ல (எக்ஸ் − 3)ஐ மேலயும் கீழயும் அடிச்சுட்டு (எக்ஸ் + 3) / (எக்ஸ் + 2)ன்னு எளிய வடிவத்துக்கு கொண்டு வந்துட்டு, அப்பறம் மிச்சம் இருக்குற பகுதிய பூஜ்யத்துக்கு சமப்படுத்துறது. இதுல −2 மட்டும் தான் வரும்.

நம்ம மாநில பாடப்புத்தகம் எந்த பக்கம்னு பாத்தா, ரெண்டாவது பக்கம். விலக்கப்பட்ட மதிப்புக்கு குடுத்திருக்குற வரையறைலயே, எளிய வடிவத்துல இருக்குற கோவைய எந்த மதிப்பு வரையறுக்க முடியாம ஆக்குதோ அதுதான் விலக்கப்பட்ட மதிப்புன்னு தெளிவா இருக்கு. அந்த "எளிய வடிவத்துல"ங்கறத நெறய பேரு படிக்காமலே தாண்டி போயிடறாங்க, சண்டைக்கு பாதி காரணம் அதுதான். ஆக பத்தாவது பொதுத்தேர்வுல மேல சொன்ன கணக்கு வந்தா விடை −2 மட்டும். 3ஐயும் சேத்து எழுதினா விடைக்குறிப்போட ஒத்துப்போகாது, மார்க் போறதுக்கு வாய்ப்பு இருக்கு, அப்பறம் "கணக்குப்படி நான் எழுதினது தான் சரி"ன்னு யார்கிட்ட போய் வாதாடறது.

நூறு மார்க் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வி பதினாலு குடுத்து பத்து எழுத சொல்றாங்க, அதுலயும் 28ஆவது கட்டாயம். இந்த தலைப்பு சுலபம்னு தான் எல்லாரும் சாய்ஸ்ல எடுக்கறாங்க. சுலபம்னு எடுத்ததுலயே விட்டா வயித்தெரிச்சல் தான்.

அப்ப ரெண்டாவது வழியே எல்லாருக்கும் போதும்னு முடிச்சுறலாமான்னா, முடியாது. ஏன்னா பதினொண்ணாவது போன உடனே கதை மாறுது. அங்க இதே கோவைய ஒரு சார்பா குடுத்து டொமைன் (எக்ஸுக்கு எந்தெந்த மதிப்ப போடலாம்ங்கறது) என்னன்னு கேப்பாங்க, அப்ப சுருக்குறதுக்கு முன்னாடி இருந்த பகுதி தான் பேசும், 3உம் போகணும் −2உம் போகணும். ரெண்டாவது வழி மட்டும் பழகின பையன் அங்க −2ன்னு மட்டும் எழுதிட்டு முழிப்பான்.

இது ஏன் இப்படின்னு ஒரு தடவை உக்காந்து பாத்துட்டா அப்பறம் வாழ்நாளைக்கும் குழப்பம் வராது. அந்த கோவைல எக்ஸுக்கு −2 போடுங்க. மேல 4 − 9, அதாவது −5. கீழ பூஜ்யம். −5ஐ பூஜ்யத்தால வகுத்தா என்ன? பூஜ்யத்த எதால பெருக்கினா −5 வரும்? எதுவும் கிடையாது. சரி, இப்ப 3 போடுங்க. மேலயும் பூஜ்யம், கீழயும் பூஜ்யம். பூஜ்யத்த எதால பெருக்கினா பூஜ்யம் வரும்? எதால பெருக்கினாலும் வரும். ஒண்ணுல விடையே இல்ல, இன்னொண்ணுல எத வேணா விடைன்னு சொல்லலாம்ங்கற நெலம, ரெண்டுமே கோளாறு தான் ஆனா வேற வேற கோளாறு. நம்ம கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல்ல 1898லேர்ந்து 1904 வரைக்கும் படிச்ச ராமானுஜன பத்தி ஒரு கதை சொல்லுவாங்க, வாத்தியாரு எந்த எண்ணையும் அதே எண்ணால வகுத்தா 1 தான்னு சொன்னப்ப, அப்ப பூஜ்யத்த பூஜ்யத்தால வகுத்தாலும் ஒண்ணாய்யான்னு கேட்டாராம். கதையா நடந்ததான்னு நமக்கு எதுக்கு, கேள்வி சரியான கேள்வி. நம்ம கணக்குல 3ங்கற எடத்துல நிக்கறதும் அதே கேள்வி தான்.

நம்பரா போட்டு பாத்தா இன்னும் தெளிவாகும். எக்ஸ் = 3.01னு பழைய கோவைல போட்டா மேல 0.0601, கீழ 0.0501, வகுத்தா 1.1996 சொச்சம். 2.9 போட்டா 1.204 கிட்ட. 3.1 போட்டா 1.196 கிட்ட. எல்லாம் 6/5, அதாவது 1.2ஐ சுத்தியே நிக்குது. சுருக்கின கோவைல 3 போட்டாலும் 6/5 தான். ஆக அந்த எடத்துல ஒரே ஒரு புள்ளி மட்டும் காணாம போயிருக்கு, சுத்தி எல்லாம் ஒழுங்கா இருக்கு. பதினொண்ணாவதுல எல்லைன்னு ஒரு பாடம் வருதே, அங்க எக்ஸ் 3ஐ நெருங்கும்போது மதிப்பு என்னன்னு கேட்டா 6/5ன்னு எழுதுவோம், அது இதுதான். இப்ப −2 பக்கம் போங்க. −1.99 போட்டா 101. −1.999 போட்டா 1001. அந்தப் பக்கம் −2.01 போட்டா −99. பிச்சுக்கிட்டு போகுது. சுருக்கினாலும் தீராத கோளாறு இது. பாடப்புத்தகம் இந்த தீராத கோளாறுக்கு மட்டும் விலக்கப்பட்ட மதிப்புன்னு பேரு வெச்சிருக்குன்னு புரிஞ்சுக்கிட்டா, ரெண்டு பேரு சண்டையும் அடங்கிடும்.

முதல் வழிய கண்டிப்பா விடக்கூடாத இன்னொரு எடம் சமன்பாடு. இத பாருங்க:

எக்ஸ் / (எக்ஸ் − 3) = 3 / (எக்ஸ் − 3) + 2

எல்லாத்தையும் (எக்ஸ் − 3)ஆல பெருக்கினா எக்ஸ் = 3 + 2எக்ஸ் − 6. அப்ப எக்ஸ் = 3. வழிமுறைல ஒரு தப்பும் இல்ல, ஆனா 3ஐ மறுபடி மேல போட்டா பகுதி பூஜ்யம். இந்த சமன்பாட்டுக்கு தீர்வே கிடையாது. கணக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஓரத்துல "எக்ஸ் 3 ஆகக்கூடாது"ன்னு எழுதி வெச்சிருந்தவன் மட்டும் இதுல தப்பிப்பான், சுருக்கிட்டு பாத்துக்கலாம்னு போனவன் 3ன்னு எழுதி கட்டம் கட்டிட்டு அடுத்த கேள்விக்கு போயிருப்பான்.

அதனால நான் சொல்றது மூணாவது வழி. ரெண்டையும் ஒரே எழுத்துல முடிக்கறது. எங்கிட்ட படிக்கிற ஒரு பொண்ணு நோட்ட பாத்து தான் இத எல்லாருக்கும் சொல்ல ஆரம்பிச்சேன். மேலயும் கீழயும் காரணிப்படுத்தினதும், அடிக்கறதுக்கு முன்னாடி, மார்ஜின் கோட்டுக்கு அந்தப் பக்கம் பென்சில்ல சின்னதா "3, −2"ன்னு எழுதிடும். அப்பறம் பேனால (எக்ஸ் − 3)ஐ மேலயும் கீழயும் அடிக்கும். அடிச்ச பிறகு மிச்சம் இருக்குற பகுதிய பாத்து, மார்ஜின்ல இருக்குற நம்பர்ல எது எது இன்னும் அந்த பகுதிய பூஜ்யமாக்குதோ அதுக்கு மட்டும் வட்டம் போடும். வட்டம் போட்டது பத்தாவது விடை. வட்டம் போட்டது போடாதது எல்லாம் சேந்தா டொமைன்ல விடவேண்டியது. கூடுதலா ஆகுற நேரம் பத்து செகண்டு கூட இருக்காது.

"அடிச்சுட்டோம்ல, அப்ப அந்த நம்பர தூக்கி போட்டுறலாமே, எதுக்கு மறுபடி பாக்கணும்"னு ஒரு குறுக்கு புத்தி தோணும். வேணாம். (எக்ஸ் − 2) / (எக்ஸ்² − 4எக்ஸ் + 4) எடுத்துக்கங்க. கீழ (எக்ஸ் − 2)(எக்ஸ் − 2). மேல ஒண்ணு கீழ ஒண்ணு அடிச்சா 1 / (எக்ஸ் − 2). அடிச்ச காரணியும் அதுதான், மிச்சம் நிக்கறதும் அதுதான். 2 இன்னமும் விலக்கப்பட்ட மதிப்பு தான். அடிச்சது எதுன்னு பாத்து முடிவு பண்ணாதீங்க, கீழ என்ன நிக்குதுன்னு பாருங்க.

இது தவிர நாலாவதா ஒரு வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது, ஆனா ஸ்கூல்ல அவ்வளவா யாரும் சொல்லித் தர்றதில்ல. சில கணக்குல மேல இருக்கறது காரணிப்படுத்த வராத சனியனா இருக்கும். (எக்ஸ்³ + 5எக்ஸ் + 1) / (எக்ஸ்² − 3எக்ஸ் + 2)ன்னு வெச்சுக்கங்க. மேல உள்ளத காரணிப்படுத்த உக்காந்தீங்கன்னா பொழுது விடிஞ்சுடும். அத தொடவே வேணாம். கீழ மட்டும் (எக்ஸ் − 1)(எக்ஸ் − 2), பூஜ்யம் ஆகுற எடம் 1, 2. இந்த ரெண்ட தூக்கி மேல போடுங்க. 1 போட்டா 7, 2 போட்டா 8 + 10 + 1, 19. ரெண்டுமே பூஜ்யம் இல்ல. அப்ப மேலயும் கீழயும் பொதுக்காரணி இருக்க வாய்ப்பே இல்ல, கோவை ஏற்கனவே எளிய வடிவத்துல தான் இருக்கு, 1, 2 ரெண்டும் விடை. ஒருவேளை ஏதாவது ஒண்ண போடும்போது மேல பூஜ்யம் வந்துச்சுன்னா அப்ப அந்த காரணி மேலயும் ஒளிஞ்சிருக்குன்னு அர்த்தம், அத மட்டும் வகுத்து எடுத்து அடிச்சுட்டு மறுபடி பாக்கணும். இது ஒம்போதாவதுல படிச்ச காரணித் தேற்றம் தான், வேற மந்திரம் ஒண்ணும் இல்ல. விடைத்தாள்ல எழுதும்போது மட்டும் "பொதுக்காரணி இல்லை, எனவே கோவை எளிய வடிவில் உள்ளது"ன்னு ஒரு வரி சேத்துக்கங்க.

இப்ப சுருக்குற வேலைக்கு வரேன். அங்கயும் ஒரே வழி இல்ல. இருபடியா இருந்தா எல்லாரும் நடு உறுப்ப பிரிக்கற வழி தான், அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல, ஏழு எட்டு கணக்கு கையால போட்டா தானா வந்துடும். பிரச்சனை முப்படில. அதே மூணாவது பாடத்துலயே மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) கண்டுபிடிக்க வகுத்தல் முறை ஒண்ணு இருக்கு, தொகுதியையும் (மேல இருக்கறது) பகுதியையும் ஒண்ண ஒண்ணால வகுத்து, மீதிய வெச்சு மறுபடி வகுத்து, மீதி பூஜ்யம் வர்ற வரைக்கும் போறது. அந்த மீ.பொ.வ.வால மேலயும் கீழயும் வகுத்தா எளிய வடிவம். கொள்கையா பாத்தா இது தான் ராஜா, ஏன்னா எதையும் காரணிப்படுத்த தெரியவேண்டியதில்ல, வகுக்க தெரிஞ்சா போதும், எப்படிப்பட்ட கோவையா இருந்தாலும் விடை வந்தே தீரும். நடைமுறைல என்ன ஆகுதுன்னு ஒரு கணக்குல காட்டறேன்:

(எக்ஸ்³ − 2எக்ஸ்² − 5எக்ஸ் + 6) / (எக்ஸ்³ + எக்ஸ்² − 10எக்ஸ் + 8)

வகுத்தல் முறைல முதல் தடவை கீழ உள்ளத மேல உள்ளதால வகுத்தா ஈவு 1, மீதி 3எக்ஸ்² − 5எக்ஸ் + 2. பரவால்ல, சுலபம். அடுத்து இந்த மீதியால தொகுதிய வகுக்கணும், முன்னாடி 3 இருக்கறதால பின்னம் வரும், பின்னம் வேணாம்னா தொகுதிய 3ஆல பெருக்கிக்கணும், 3எக்ஸ்³ − 6எக்ஸ்² − 15எக்ஸ் + 18. எக்ஸ் தடவை போக மீதி −எக்ஸ்² − 17எக்ஸ் + 18. குறிய மாத்தி எக்ஸ்² + 17எக்ஸ் − 18ன்னு வெச்சுக்கிட்டு மறுபடி வகுத்தா −56எக்ஸ் + 56. −56ஐ வெளில எடுத்தா எக்ஸ் − 1. அதால ஒரு தடவை வகுத்து மீதி பூஜ்யம்னு காட்டினா மீ.பொ.வ. எக்ஸ் − 1. வந்துடுச்சு, ஆனா நடுவுல 17, 56னு நம்பரெல்லாம் பாத்த உடனே பசங்களுக்கு பயம் வந்துடுது, எங்கயோ தப்பு பண்ணிட்டோம்னு அடிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கறாங்க. சரியா தான் போய்க்கிட்டு இருந்திருப்பாங்க பாவம்.

அதே கணக்க வேற மாதிரி பாருங்க. மேல குணகங்கள கூட்டுங்க: 1 − 2 − 5 + 6, பூஜ்யம். கீழ 1 + 1 − 10 + 8, அதுவும் பூஜ்யம். குணகம் எல்லாம் கூட்டி பூஜ்யம் வந்தா எக்ஸ் − 1 ஒரு காரணி. ரெண்டுலயும் இருக்கு, அப்ப அதுதான் பொதுக்காரணி. தொகுமுறை வகுத்தல்ல 1ஐ போட்டு மேல வகுத்தா எக்ஸ்² − எக்ஸ் − 6, கீழ வகுத்தா எக்ஸ்² + 2எக்ஸ் − 8. அதையும் பிரிச்சா மேல (எக்ஸ் − 3)(எக்ஸ் + 2), கீழ (எக்ஸ் + 4)(எக்ஸ் − 2). இனி பொது ஒண்ணும் இல்ல. மார்ஜின்ல 1, −4, 2. வட்டம் −4க்கும் 2க்கும். நாலே வரி.

குணகம் கூட்டி பூஜ்யம் வரலன்னா? மாத்தி மாத்தி உள்ள குணகத்த கூட்டி ரெண்டும் சமமா இருக்கான்னு பாருங்க, இருந்தா எக்ஸ் + 1. அதுவும் இல்லன்னா 2, −2, 3, −3ன்னு மாறிலியோட வகுத்திகள போட்டு பாக்கணும். இதுக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கு, வகுத்தல் முறையோட முதல் படிய மட்டும் திருடிக்கறது. மேல உள்ளதையும் கீழ உள்ளதையும் கழிங்க. ரெண்டுலயும் இருக்குற பொதுக்காரணி, கழிச்சா வர்றதுலயும் இருந்தே ஆகணும். நம்ம கணக்குல கழிச்சா 3எக்ஸ்² − 5எக்ஸ் + 2, அதாவது (3எக்ஸ் − 2)(எக்ஸ் − 1). ஆக பொதுக்காரணின்னு ஒண்ணு இருந்தா இந்த ரெண்டுக்குள்ள தான் இருக்கணும். பகுதில எக்ஸ்³ முன்னாடி 1, கடைசில 8, அதனால 3எக்ஸ் − 2 சேத்தி கிடையாதுன்னு பாத்த உடனே தெரியும், மிச்சம் எக்ஸ் − 1 மட்டும். குருட்டுத்தனமா ஆறேழு நம்பர் போட்டு பாக்குறதுக்கு ஒரே ஒரு கழித்தல். முப்படி கணக்குக்கு என் ஓட்டு இதுக்கு தான். முழு வகுத்தல் முறைய, கேள்விலயே வகுத்தல் முறைல மீ.பொ.வ. காண்கன்னு வந்தா மட்டும் எடுங்க, அப்ப வேற வழில போட்டா படிகளுக்கான மார்க் கிடைக்காது.

சுருக்கறதுல அடிக்கடி கோட்டை விடற எடம் குறி. (5 − எக்ஸ்) / (எக்ஸ்² − 25) வந்தா 5 − எக்ஸ அப்படியே எக்ஸ் − 5 கூட அடிச்சுட்டு 1 / (எக்ஸ் + 5)ன்னு எழுதிடறாங்க, −1 / (எக்ஸ் + 5) தான் சரி. விலக்கப்பட்ட மதிப்பு ரெண்டுக்கும் −5 தான் வரும்ங்கறதால அந்த கேள்வில தப்பு வெளில தெரியாம போயிடும், சுருக்குக கேள்வில மாட்டும். அதவிட கொடுமை (எக்ஸ் + 3) / (எக்ஸ் + 2)ல எக்ஸையும் எக்ஸையும் அடிச்சு 3/2ன்னு எழுதறது. கூட்டல்ல நிக்கறத அடிக்கக்கூடாது, பெருக்கல்ல நிக்கறத தான் அடிக்கலாம்னு ஆயிரம் தடவை சொன்னாலும் பரீட்சை ஹால்ல கை தானா போகுது. அதுக்கு மருந்து, முடிச்ச உடனே எக்ஸுக்கு 1 போட்டு பாக்குறது (1 விலக்கப்பட்ட மதிப்பா இருந்தா வேற நம்பர்). முதல் கணக்குல பழைய கோவைல 1 போட்டா −8 / −6, அதாவது 4/3. சுருக்கினதுல போட்டா 4/3. ஒத்துப்போகுது. 3/2ன்னு எழுதினவனுக்கு ஒத்துப்போகாது, அப்பவே தெரிஞ்சுடும்.

பகுதி எக்ஸ்² + 4 மாதிரி வந்தா விலக்கப்பட்ட மதிப்பே கிடையாது, மெய்யெண் எத போட்டாலும் பூஜ்யம் ஆகாது. எக்ஸ்² + 2எக்ஸ் + 5ன்னு வந்தா பிரிக்க போராடாம தன்மைக்காட்டி (பி² − 4ஏசி) போடுங்க, 4 − 20 = −16, குறை எண், மெய்யான மூலம் இல்ல, "மெய்யெண்களில் விலக்கப்பட்ட மதிப்பு இல்லை"ன்னு எழுதிட்டு போங்க. விடை வரலன்னு கேள்விய விட்டுட்டு வந்தவங்க உண்டு, விடையே அதுதாங்க.

வகுத்தல் கணக்குல ரெண்டு வழிக்கும் உள்ள வித்தியாசம் கன்னாபின்னான்னு பெருசாகும். (2ஒய் − 2)/ஒய் ÷ (5ஒய் − 5)/ஒய்² போடுங்க. திருப்பி போட்டு பெருக்கினா ஒய் − 1 போயிடும், ஒரு ஒய் போயிடும், மிச்சம் 2ஒய்/5. பகுதில வெறும் 5, பாடப்புத்தக வரையறைப்படி விலக்கப்பட்ட மதிப்பு ஒண்ணும் இல்ல. ஆனா கேள்வில இருந்த கோவைக்கு ஒய் பூஜ்யமாவும் இருக்க முடியாது, ஒண்ணாவும் இருக்க முடியாது, ஒண்ணு போட்டா வகுக்கறதே பூஜ்யம் ஆயிடும். திருப்பி போடறதுக்கு முன்னாடி வகுக்கற கோவையோட மேல்பக்கத்தையும் மார்ஜின்ல சேக்கணும்ங்கறத பதினொண்ணாவது போறவங்க இப்பவே பழகிக்கங்க.

வாழ்க்கை கணக்குன்னு வந்தா இன்னொரு அடுக்கு சேருது. மேட்டூர் தண்ணி ஜூன் 12 திறந்தாலும் கடைமடைக்கு வந்து சேர நாளாகும், அதுக்குள்ள குறுவை நாத்தங்காலுக்கு போர் மோட்டார் தான் கதி. ஒரு மோட்டார் தனியா ஓடினா டி மணி நேரத்துல ஒரு மா நெலத்துக்கு தண்ணி கட்டும், பக்கத்து மோட்டார் பழசு, அதுக்கு ரெண்டு மணி நேரம் கூட ஆகும், டி + 2. ரெண்டையும் ஒண்ணா போட்டா எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரத்துல ஆகுற வேலை 1/டி + 1/(டி + 2), அத தலைகீழா போட்டு சுருக்கினா

டி(டி + 2) / 2(டி + 1)

டி = 4ன்னு வெச்சா 24/10, ரெண்டு மணி இருபத்திநாலு நிமிஷம். சுருக்கின வடிவத்த பாத்தா விலக்கப்பட்ட மதிப்பு −1 மட்டும். சுருக்கறதுக்கு முன்னாடி பாத்தா 0, −2, −1 மூணும். வயல்ல நின்னு பாத்தா டி பூஜ்யத்துக்கு மேல இருந்தா தான் பேச்சே, குறை எண்ணெல்லாம் தானா கழிஞ்சு போச்சு. இங்க பூஜ்யத்த கவனிங்க, சுருக்கின கோவைல டி = 0 போட்டா விடை பூஜ்யம்னு சாதுவா வருது, ஆனா பூஜ்ய நேரத்துல தண்ணி கட்டற மோட்டார் எந்த கடைலயும் விக்கலங்க. முதல் வரில 1/டின்னு எழுதின உடனே டி பூஜ்யம் ஆகக்கூடாதுன்னு சொல்லியாச்சு, சுருக்கின பிறகு அந்த எச்சரிக்கை காகிதத்துல இருக்காது. வாக்கியக் கணக்குன்னா முதல் வழி தான், அதுல பேச்சுக்கே இடமில்ல.

போன்ல கேள்விய போட்டோ எடுத்து விடை வாங்கறது பத்தியும் கேக்கறாங்க. காரணி சரியா பிரிச்சிருக்கோமான்னு சரிபாக்க நல்லது. விலக்கப்பட்ட மதிப்புக்கு நம்பாதீங்க, அது பழைய பகுதிய வெச்சு 3, −2ன்னு சொன்னா நம்ம புக்கோட விடையோட இடிக்கும், நீங்க தான் தப்புன்னு நினைச்சு சரியா இருந்தத அடிப்பீங்க. கிராஃப் வரையற ஆப்லயும் இதே தான், (எக்ஸ்² − 9)/(எக்ஸ் − 3) வரைஞ்சா ஒரு நேர்கோடு காட்டும், 3ங்கற எடத்துல உள்ள ஓட்டை ஒத்த புள்ளிங்கறதால சாதாரணமா கண்ணுக்கே தெரியாது.

பத்தாவதோட கணக்க விட்டுட்டு ஆர்ட்ஸ் குரூப், ஐடிஐன்னு போறவங்களா, ரெண்டாவது வழி, புக் வழி, அது மட்டும் போதும், மார்ஜின் வேலையெல்லாம் தேவையில்ல. கணக்கு இருக்குற குரூப், ஜேஇஇன்னு மனசுல இருந்தா இன்னையிலேர்ந்தே மார்ஜின் வழி. சமன்பாடும் வாக்கியக் கணக்கும் யாரா இருந்தாலும் முதல் வழி. பொதுத்தேர்வு விடைத்தாள்ல மார்ஜின்ல எழுதினத பென்சில்லயே விட்டா திருத்தறவங்களுக்கு எது விடைன்னு குழப்பம் வரலாம், அதனால அத வலது பக்கம் தனியா கோடு போட்டு உதவிக் குறிப்புன்னு தலைப்பு குடுத்து எழுதிட்டு, கடைசி வரில "எளிய வடிவில் விலக்கப்பட்ட மதிப்பு −2"ன்னு முழு வாக்கியமா எழுதி கட்டம் கட்டிடுங்க.